களத்து நெல்லும் உலக மன்றமும்

குறுவை அறுவடைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கோவில் முகப்பில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அருகே வந்தார். முதல் நாள் இரவு மழையில் நனைந்த நெல்லைத் தார்ச்சாலையோரம் பரப்பி, பேரனைக் காவலுக்கு அமர்த்திவிட்டுப் பூசைக்கு வந்தவர் அவர். வானொலிச் செய்தியில் ஏதோ கேட்டிருக்கிறார் போலும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்:

“சாமி, உலகத்து மன்றங்களிலே இப்போ நம்ம நாட்டுப் பேச்சு எடுபடுதாமே! நல்லதுதான். ஆனா அந்தப் பேச்சுக்கும் ரோட்டிலே காயுற என் நெல்லுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?”

“உண்டு, பெரியவரே” என்றேன். ஆனால் அது எத்தகைய சம்பந்தம் என்பதைக் கோவில் வாசலில் நின்று இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிட இயலவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையையே, நம் குடும்பங்கள் அனைத்தும் அறியட்டும் என்று, இங்கே எழுதுகின்றேன்.

கையேந்திய காலம்

நம் பங்குகளில் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். அமெரிக்கக் கோதுமைக் குருணையும், பால்பவுடரும், எண்ணெய் டின்களும் பங்கு மனைகளின் வழியாக ஏழைகளுக்கு வழங்கப்பட்ட காலத்தை அவர்கள் நினைவுகூர்வார்கள். குலுக்கிக்கொள்ளும் இரு கைகள் அந்த மூட்டைகளின்மீது அச்சிடப்பட்டிருக்கும். பசித்தவருக்கு அந்த உணவு உயிர் காத்தது. அதற்கு நாம் நன்றியுடையவர்களாக இருக்கவேண்டும். ஆயினும், பெறுகின்ற கை எப்பொழுதும் கீழேதான் இருக்கும் என்பதை நம் நாடு அக்காலத்தில் நன்றாக உணர்ந்தது.

1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ‘பொதுச் சட்டம் 480’ என்ற ஏற்பாட்டின் கீழ்க் கோதுமை பெறுவதற்கு இந்தியா முதல் உடன்படிக்கை செய்துகொண்டது. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவு தானியம் வெளிநாடுகளிலிருந்து நம் துறைமுகங்களில் வந்திறங்கியது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு உணவு செல்லும் வாழ்க்கை என்று அக்காலத்தில் வருந்திக் கூறினார்கள்.

அப்பொழுது அமெரிக்காவின் குடியரசுத் தலைவராயிருந்த ஜான்சன், ஆண்டுக்கணக்கில் அளிக்கவேண்டிய தானியத்தைச் சிறுகச் சிறுக, மாதக்கணக்கில் மட்டுமே அனுமதித்தார். வேளாண்மைக் கொள்கையில் மாற்றங்கள் வேண்டும் என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா கூறிய கண்டனம் அங்கே கசப்பை உண்டாக்கிற்று. 1966 ஜூன் 6-ஆம் நாள் நம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது, 7 ரூபாய் 50 காசாயிற்று. கடன் கொடுத்தவர்களின் வற்புறுத்தலும் அதற்கு ஒரு காரணம். உலக மன்றங்களில் அந்நாளிலும் நமக்கு இருக்கை இருந்தது. அழகாகப் பேசுவதற்கு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அடுத்த கப்பல் எப்பொழுது வரும் என்று காத்திருக்கும் ஒருவன், கப்பலை அனுப்புபவனிடம் “ஒப்பமாட்டேன்” என்று எவ்வாறு சொல்வான்?

தஞ்சைக் களஞ்சியம்

அந்நிலையை மாற்றிய வரலாற்றில் நம் தஞ்சைத் தரணிக்குரிய இடம் சிறிதன்று. 1960-இல் நாட்டில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ‘பாக்கேஜ் திட்டம்’ என்று நம் விவசாயிகள் அதை அழைத்தார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கே கொடுக்க முற்பட்ட திட்டம் அது. 1922-இல் தோன்றிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, ஜப்பானிய இனத்தையும் நம் நாட்டு இனத்தையும் கலந்து உருவாக்கிய ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் 1960-களின் நடுவில் வயல்களுக்கு வந்தது. குறுவை சாகுபடியின் முகமே மாறியது.

1965 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலை ஒட்டி, இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே அமைந்தது தெரியுமா? நம் தஞ்சாவூரில்தான்! அப்பொழுது மத்திய உணவு அமைச்சராயிருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த திரு. சி. சுப்பிரமணியம். விளைச்சலுக்கு நியாயமான விலையைப் பரிந்துரைக்கும் குழுவும் அதே ஆண்டில் அமைந்தது. உழவனுக்கு ஓர் உறுதியான விலை, அவன் விற்கும் தானியத்தைச் சேர்த்துவைக்க ஓர் அரசுக் களஞ்சியம், அந்தக் களஞ்சியத்திலிருந்து ஏழைக்குப் பங்கீட்டுக் கடை: இம்மூன்றும் இணைந்த ஏற்பாடே இன்றளவும் நம் உணவுப் பாதுகாப்பின் அடித்தளம்.

நிலம் நிமிர்ந்தபோது அதன் மக்களும் நிமிர்ந்தார்கள். 1925-இல் கும்பகோணத்தில் பிறந்து, அந்நகரின் சிறுமலர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன். 1981 முதல் 1985 வரை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனப் பேரவையின் தலைவராகவும், 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். அவருக்கு முன்பே, 1956 முதல் 1967 வரை, அதே உணவு வேளாண்மை நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இந்தியராகிய பினய் ரஞ்சன் சென் இருந்தார். ஆனால் ஓர் ஒப்பீட்டை நாம் கருதவேண்டும். சென் அந்தப் பதவியில் இருந்தபோது அவருடைய தாய்நாடு தானியத்திற்காகக் கையேந்தியது. சுவாமிநாதன் அந்தப் பேரவையில் அமர்ந்தபோது அவருடைய தாய்நாடு தன் களஞ்சியத்தைத் தானே நிரப்பத் தொடங்கியிருந்தது. இருவரும் அறிஞர்களே. பின்னவருடைய சொல்லுக்குப் பின்னே ஒரு நெற்குவியல் நின்றது.

விதிகளும் கணக்கும்

1995 ஜனவரி முதல் நாள் உலக வர்த்தக அமைப்பு தோன்றிற்று. அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் ஓர் ஏரிக்கரையில் உள்ளது. இன்று 166 உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள். வேளாண்மைக்கு ஓர் அரசு எவ்வளவு மானியம் தரலாம் என்பதற்கும் அங்கே விதி உண்டு. வளரும் நாடு ஒன்று, ஒரு விளைபொருளுக்குத் தரும் விலை ஆதரவு, அந்த விளைபொருளின் மொத்த மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அந்த விதி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த ஆதரவைக் கணக்கிடும் முறையைச் சற்று நோக்குங்கள். அரசு அறிவிக்கும் கொள்முதல் விலைக்கும், 1986 முதல் 1988 வரையிலான ஆண்டுகளின் உலக விலைக்கும் உள்ள வேறுபாடே மானியமாகக் கருதப்படுகிறது. அரிசிக்கு இந்தியாவுக்குரிய அந்தப் பழைய விலை டன்னுக்குச் சுமார் 262 டாலர். அந்த ஆண்டுகளில், 1986-87-இல், ஒரு குவிண்டால் நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 146 ரூபாய். 2025-26-ஆம் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு அது 2,369 ரூபாய். அரிசியாக மாற்றி டாலரில் கணக்கிட்டாலும் டன்னுக்கு ஏறத்தாழ 400 டாலர் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் டீசல் விலை ஏறவில்லையா? உரம் ஏறவில்லையா? நடவாள் கூலி ஏறவில்லையா? அவையெல்லாம் ஏறியதை உலகம் அறியும். ஆனால் கணக்குப் புத்தகம் மட்டும் 1988-ஐ விட்டு நகரவில்லை. உழவன் கையில் இலாபமென ஒன்றும் மிஞ்சாதபோதும், ஏட்டில் அவன் பெரும் மானியம் பெற்றவனாகிறான்.

மறுபுறம், செல்வ நாடுகள் முன்பே கொடுத்துவந்த மானியத்தைக் காட்டி, வரம்புக்கு மேலும் கொடுக்கும் உரிமையைத் தங்களுக்கென ஒதுக்கிக்கொண்டன. அமெரிக்காவுக்கு அவ்வகையில் ஆண்டுக்கு 1,900 கோடி டாலருக்கு மேல் இடமுண்டு. அன்று ஏழையாயிருந்து மானியம் தர இயலாத நாடுகளுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. அன்றைய ஏழ்மையே பின்னாளில் தண்டனைக்குக் காரணமாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

‘ஒப்பமாட்டோம்’ என்ற சொல்

உலக வர்த்தக அமைப்பில் முடிவுகள் பொதுவாக அனைவரின் இசைவோடும் எடுக்கப்படுகின்றன. எனவே சட்டப்படி, எந்த ஒரு சிறிய நாடும் தடுத்து நிற்கலாம். நடைமுறையில், கடனுக்கும் உணவுக்கும் பிறரை அண்டியிருக்கும் நாடு வாய் திறப்பது அரிது. இந்தியா வாய் திறக்க முடிந்ததற்குக் காரணம், 1966-இன் நிலை மீண்டும் வராது என்ற உறுதி அதற்கு ஏற்பட்டிருந்ததுதான்.

2003 செப்டம்பரில் மெக்சிகோ நாட்டின் கான்கூன் நகரில் மாநாடு கூடிற்று. இந்தியா, பிரேசில், சீனா, தென்னாப்பிரிக்கா முதலிய வளரும் நாடுகள் ஓரணியாக நின்றன. செல்வ நாடுகள் வகுத்துவந்த வேளாண்மைத் திட்டத்தை அவை ஏற்க மறுத்தன. மாநாடு முடிவின்றிக் கலைந்தது. 2008 ஜூலையில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் முறிந்தது. மலிவான இறக்குமதி வெள்ளமெனப் புகும்போது ஏழை உழவரைக் காக்க வரி உயர்த்தும் உரிமையே அங்கு முட்டுக்கட்டையாக நின்ற பொருள்.

2013-இல் நம் நாடாளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தானியம் பெறும் உரிமையை அது அளித்தது. அவ்வளவு தானியம் வாங்கினால் 10 விழுக்காட்டு வரம்பு உடையும் என்பது தெளிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் கூடிய மாநாட்டில் ‘சமாதான விதி’ ஒன்று உருவாயிற்று. நடைமுறையிலிருக்கும் பொதுக் களஞ்சியத் திட்டங்களின்மீது, நிரந்தரத் தீர்வு காணும்வரை வழக்குத் தொடுப்பதில்லை என்பது அதன் சாரம். ஆனால் அதன் காலவரையறையைப் பற்றி ஐயம் எழுந்தது. 2014 ஜூலையில், பிற நாடுகள் பெரிதும் விரும்பிய வர்த்தக எளிமைப்படுத்தல் உடன்படிக்கைக்கு இசைவு தர இந்தியா மறுத்தது. பெருநாடுகள் சினங்கொண்டன. எனினும் அவ்வாண்டு நவம்பரிலேயே, நிரந்தரத் தீர்வு கிடைக்கும்வரை சமாதான விதி நீடிக்கும் என்று அமைப்பின் பொதுக் குழு தெளிவுபடுத்தியது.

அந்த விதியை முதன்முதலில் பயன்படுத்திய நாடும் இந்தியாவே. பயன்படுத்திய பொருளும் நம் அரிசியே! 2018-19-இல் நாட்டின் நெல் விளைச்சலின் மதிப்பு 4,367 கோடி டாலர், அதற்கான ஆதரவு 500 கோடி டாலர் என்று 2020-இல் இந்தியா அறிவித்தது. 10 விழுக்காட்டு வரம்பு தாண்டப்பட்டது. ஆயினும் வழக்கு இல்லை, தண்டனை இல்லை. பெரியவரே, நீங்கள் கேட்ட சம்பந்தம் இதுதான். இந்த விதி இல்லாதிருந்தால், நம் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகத் தைத்துவைக்கும் உங்கள் நெல்லுக்கு அரசு தரும் விலையையே எதிர்த்து ஏதோ ஒரு நாடு ஜெனீவாவில் வழக்காடியிருக்கலாம்.

நிரந்தரத் தீர்வு 2024-இல் அபுதாபியில் கூடிய மாநாட்டிலும் எட்டப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிற மன்றங்களிலும் இந்தியாவின் எடை ஓரளவு கூடியிருக்கிறது. பன்னாட்டு நாணய நிதியத்தில் 2016 முதல் நம் பங்கு 2.75 விழுக்காடு. 2023-இல் நம் நாட்டின் தலைமையில் புதுதில்லியில் கூடிய ஜி-20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தர இடமோ இன்னும் கைகூடவில்லை.

கொடுப்பவரின் கடமை

வலிமை வளரும்போது கடமையும் வளர வேண்டுமன்றோ? இன்று உலகச் சந்தையில் விற்பனையாகும் அரிசியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவிலிருந்து செல்கிறது. 2023 ஜூலை 20-ஆம் நாள், உள்நாட்டு விலையேற்றத்தைத் தடுப்பதற்காகப் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நம் அரசு தடைசெய்தது. அடுத்த மாதமே உலக அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்தை எட்டியது. நேபாளம், கேமரூன், பிலிப்பைன்ஸ் முதலிய சில நாடுகளுக்கு மட்டும் அரசின் அனுமதியோடு அரிசி அனுப்பப்பட்டது. தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கிற்று.

தன் மக்களின் அடுப்பை முதலில் காப்பது ஓர் அரசின் கடமையே. அதைக் குறைகூற இயலாது. ஆயினும் ஆப்பிரிக்காவில் ஓர் ஏழைத் தாய் கடைக்குச் சென்று, அரிசி விலை கேட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தால், அவளுடைய நிலையும் 1966-இல் நம் தாய்மாரின் நிலையும் ஒன்றே. யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் மேசையில் அன்று ஜான்சன் இருந்தார். இன்று நாம் இருக்கிறோம். அபுதாபி மாநாட்டில் தாய்லாந்தின் பிரதிநிதி, இந்தியா மலிவாகக் கொள்முதல் செய்த அரிசியே உலகச் சந்தைக்கு வருகிறது என்று குற்றஞ்சாட்டினார். இந்தியா அதை வன்மையாக மறுத்தது. சமாதான விதியின்கீழ் சேர்த்த தானியம் பிற நாட்டு உழவரின் வயிற்றில் அடிக்கலாகாது என்பது அந்த விதியிலேயே அடங்கிய நிபந்தனை. நம் கணக்கு ஒளிவுமறைவற்றதாக இருந்தால், நம் சொல்லுக்கு வலிமை கூடும்.

விவிலியம் படிக்கும் நமக்கு எகிப்து நாட்டில் யோசேப்பு கட்டிய களஞ்சியம் நினைவுக்கு வராமலிராது. ஏழாண்டு செழிப்பில் சேர்த்ததைக்கொண்டு ஏழாண்டுப் பஞ்சத்தில் அவர் பல நாட்டாரைக் காப்பாற்றினார். ஆனால் அதே வரலாற்றின் பிற்பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. பசித்த மக்கள் தானியத்திற்காகத் தங்கள் கால்நடைகளையும், நிலங்களையும், இறுதியில் தங்களையுமே அரசனுக்கு விற்றுவிட்டார்கள். களஞ்சியம் உயிர் காக்கவும் வல்லது, அடிமையாக்கவும் வல்லது.

களத்தை விட்டு அகலாத கேள்வி

நம் மாவட்டமே இதற்கு ஒரு துயரச் சான்று. பாக்கேஜ் திட்டத்தால் விளைச்சல் பெருகிய அதே காலத்தில், அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூடுதல் நெற்கூலி கேட்டுப் போராடிய மக்களில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் தீயில் மாண்டார்கள். அது 1968 டிசம்பர் 25-ஆம் நாள். நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவு. களஞ்சியம் நிறைந்தது. அதை நிறைத்தவர்களின் கை நிறையவில்லை.

இன்று அத்தகைய கொடுமை இல்லை எனினும், கேள்வி முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்னரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த விலை உழவன் கைக்கு வருமுன் எத்தனை வாசல்கள்! ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது விதி. குறுவை அறுவடையோ மழைக்காலத்தின் தொடக்கத்தில் வருகிறது. சாக்குக்கும், லாரிக்கும், கிடங்கில் இடத்திற்கும் காத்திருக்கையில் குவித்த நெல் முளைவிடுகிறது. சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவனிடம் தன் பெயரில் காகிதம் ஏது? அவன் தன் நெல்லைக் குறைந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறான். ஜெனீவாவில் அவன் பெயரால் வாதாடி வென்ற விலை, அவன் ஊரில் வேறொருவர் பெயரில் எழுதப்படுகிறது.

அன்புக் குடும்பத்தினரே! உலக மன்றத்தில் நம் நாடு உயர்ந்து நிற்பது கண்டு மகிழ்வோம். அந்த உயர்வு தஞ்சைக் களத்திலும் பஞ்சாப் வயலிலும் வியர்வை சிந்தியவர்களிடம் பெற்ற கடன் என்பதையும் மறவாதிருப்போம். கடன் என்றால் அது திருப்பித் தரப்படவேண்டும். ஆட்சியாளர் செய்யவேண்டியதை அவர்களிடம் கேட்போம்: உலர்த்தும் களங்கள், மூடிய கிடங்குகள், குத்தகை உழவனுக்குத் தடையின்றிச் சான்று. நாம் செய்யக்கூடியதையும் செய்வோம். நம் பங்குகளிலுள்ள கற்ற இளைஞர்கள், எழுதப்படிக்க அறியாத உழவருக்கு விண்ணப்பம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் உடன் சென்று வரலாம். கூலியாட்களை வைத்திருக்கும் குடும்பங்கள், விலை உயரும்போது கூலியும் உயரவேண்டும் என்பதைக் கேட்காமலேயே நிறைவேற்றலாம்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அம்முதியவரைத் தேடினேன். மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்போ அங்கே அவங்க பேசுறது என் நெல்லை வச்சுத்தானே சாமி? அது நனையாம பாத்துக்கச் சொல்லுங்க” என்றார்.

அன்று மாலை பங்குப் பள்ளியின் சிமெண்டு முற்றத்தைத் திறந்துவிட்டோம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பதினோரு குடும்பங்களின் நெல் காய்ந்தது. முற்றம் சிறியது; நெல் மிகுதி. ஆயினும் அவருடைய கேள்விக்கு எங்களால் இயன்ற விடை அதுவே.